எண் முன்னே வந்தால் ஒன்று, பின்னே வந்தால் வேறொன்று
அளவை ஒப்பிடும் ஆங்கிலத் தொடர்களை விளங்கிக்கொள்வதற்கான பாடம்

இந்தப் பாடம் யாருக்கு?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலோடு வந்த மழையில் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மண் சரிந்தது. அன்றும் அதற்கு முன்னரும் வீட்டை விட்டு வெளியேறி, இப்போது யட்டவத்த பிரதேசத்துக்குத் திரும்பும் குடும்பங்களின் கைக்குப் பல கடதாசிகள் வருகின்றன. நிவாரணப் பட்டியல், பொருட்களைப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும் படிவம், காணி அளவுக் குறிப்பு, மழை எச்சரிக்கைச் செய்தி என்பன அவற்றுள் சில. பெரும்பாலானவை சிங்களத்திலும் தமிழிலும் இருக்கும். ஆனால் வெளிநாட்டு உதவியோடு நடக்கும் வேலைகளில் ஆங்கிலப் படிவமும் கலந்து வரும்.

இந்தக் கடதாசிகளில் எண்ணை வாசிப்பது கடினமல்ல. எண்ணுக்கு முன்னும் பின்னும் நிற்கும் சிறிய சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. ஐந்து மூடை என்பதா, ஐந்து மூடைக்கு மேல் என்பதா, ஐந்து மூடை கூடுதலாக என்பதா என்று தெரியாமல் கையொப்பம் இட்டால், பிறகு திருத்துவது சிரமம். இந்தப் பாடம் அதற்காகவே எழுதப்பட்டது.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஆங்கில எழுத்துத் தெரியாதவர்கள், பாடசாலைக்குப் போகும் பிள்ளையைப் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டு, இந்தப் பாடத்தில் உள்ள தொடரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1. தமிழில் நாம் ஒப்பிடும் விதம்

'போன மாதத்தைவிட ஐந்து மூடை கூட' என்கிறோம். எதோடு ஒப்பிடுகிறோமோ அது முதலில் வருகிறது. அதற்குப் பின் 'விட', பின்னர் எண், பின்னர் பொருள், கடைசியில் 'கூட'.

'ஐந்து மூடைக்கு மேல்' என்றும் சொல்கிறோம். இங்கே போன மாதத்தைப் பற்றிய பேச்சே இல்லை. ஐந்து என்பது ஓர் எல்லைக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியது என்பதே பொருள்.

இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஒன்றில் 'விட' இருக்கிறது. மற்றதில் 'க்கு மேல்' இருக்கிறது. சொல்லின் வாலே பொருளைக் காட்டிவிடுகிறது. சிங்களத்திலும் ஒழுங்கு ஏறக்குறைய இதேதான். 'கிய மாசயட வடா' என்றால் போன மாதத்தைவிட. 'பஹகட வடா' என்றால் ஐந்துக்கு மேல். அங்கேயும் ஒப்பிடப்படுவது முன்னால் வர, 'வடா' பின்னால் வரும். ஆகவே தமிழும் சிங்களமும் பேசிப் பழகிய நமக்கு ஆங்கில ஒழுங்கு தலைகீழாகத் தெரிவது இயல்பு.

2. ஆங்கிலத்தில் இடம்தான் பொருளைத் தருகிறது

இந்த இரண்டு தொடர்களையும் சத்தமாக வாசியுங்கள்.

(அ) 'மோர் தன் ஃபைவ் பேக்ஸ்'
(ஆ) 'ஃபைவ் மோர் பேக்ஸ் தன் லாஸ்ட் மந்த்'

'மோர்' என்றால் கூட. 'தன்' என்றால் விட. 'ஃபைவ்' என்றால் ஐந்து. 'பேக்ஸ்' என்றால் மூடைகள். 'லாஸ்ட் மந்த்' என்றால் போன மாதம். இரண்டு தொடரிலும் 'மோர்', 'தன்', 'ஃபைவ்', 'பேக்ஸ்' என்ற நான்கு சொற்களும் இருக்கின்றன. ஆனால் பொருள் ஒன்றல்ல.

(அ) ஐந்து மூடைக்கு மேல். ஆறாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். ஐந்தாக மட்டும் இருக்க முடியாது.
(ஆ) போன மாதத்தைவிட ஐந்து மூடை கூட. போன மாதம் மூன்று என்றால் இந்த மாதம் எட்டு. போன மாதம் இருபது என்றால் இந்த மாதம் இருபத்தைந்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். 'தன்' என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது என்ன?

பின்னால் எண் நின்றால், அந்த எண் எல்லைக் கோடு. தமிழில் 'க்கு மேல்' என்று சொல்லுங்கள்.
பின்னால் ஒரு காலமோ இடமோ ஆளோ நின்றால், அதுதான் ஒப்பிடப்படுவது. அதை முன்னால் கொண்டுவந்து 'விட' சேருங்கள். 'மோர்' என்பதற்கு முன்னால் நின்ற எண் வித்தியாசம்.

குறைவைச் சொல்லும் 'லெஸ்', 'ஃபியூவர்' என்ற சொற்களுக்கும் இதே விதிதான். காணிக் குறிப்பு ஒன்றில் 'லெஸ் தன் செவன் பேர்ச்சஸ்' என்று இருந்தால், உங்கள் காணி ஏழு பேர்ச்சஸுக்குக் குறைவு. 'செவன் பேர்ச்சஸ் லெஸ் தன் த ப்ளான்' என்று இருந்தால், வரைபடத்தில் உள்ளதைவிட ஏழு பேர்ச்சஸ் குறைவு. வரைபடத்தில் 20 பேர்ச்சஸ் என்றால் கையில் இருப்பது 13. ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. மலையக வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு முழுக் காணியாகவே ஏழு பேர்ச்சஸ் வழங்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு சொல் இடம் மாறினால் ஒரு வீட்டு நிலமே கணக்கில் மாறிவிடும்.

3. 'தன்' இல்லாமல் வரும்போது

பல இடங்களில் ஒப்பிடப்படுவதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். 'ஃபைவ் மோர் பேக்ஸ்' என்று மட்டும் இருக்கும். அப்போது பொருள் 'இன்னும் ஐந்து மூடை'. ஏற்கெனவே கொடுத்ததோடு சேர்த்து ஐந்து. இப்படி வந்தால் 'எதற்கு மேலதிகமாக?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் ஒப்புக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். ஆங்கிலத்தில் அது 'டென் தவுசண்ட் மோர் ஹவுசஸ்'. பழையதும் புதியதும் சேர்ந்தால் 14,000. இதையே ஒருவர் 'மோர் தன் டென் தவுசண்ட் ஹவுசஸ்' என்று எழுதினால், மொத்தம் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். அறிவிப்பு ஒன்றுதான். சொல் இடம் மாறியதால் நாலாயிரம் வீடு கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

நீங்கள் பேசும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் 'இன்னும் இரண்டு தகரம் வேண்டும்' என்கிறோம். 'இன்னும்' முன்னால், எண் பின்னால். அதே ஒழுங்கில் 'மோர் டூ ஷீட்ஸ்' என்று சொல்லிவிடுவது வழக்கம். கேட்பவருக்கு அது 'மோர் தன் டூ' என்பதுபோல் காதில் விழலாம். சரியான ஒழுங்கில் எண் முதலில் வரும்: 'வீ நீட் டூ மோர் ஷீட்ஸ்'.

4. எல்லைக் கோட்டில் நிற்பவர் உள்ளேயா, வெளியேயா?

பெரிய குடும்பங்களுக்கு மேலதிக உலருணவுப் பொதி என்று ஒரு பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் சரியாக ஐந்து பேர். உங்களுக்கு அந்தப் பொதி உண்டா? பட்டியலில் உள்ள சொல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

'மோர் தன் ஃபைவ்': ஐந்துக்கு மேல். ஐந்து பேர் உள்ள வீடு சேராது. ஆறு பேர் வேண்டும்.
'ஃபைவ் ஓர் மோர்': ஐந்து அல்லது அதற்கு மேல். ஐந்து பேர் உள்ள வீடு சேரும்.
'அட் லீஸ்ட் ஃபைவ்': குறைந்தது ஐந்து. சேரும்.
'நொட் லெஸ் தன் ஃபைவ்': ஐந்துக்குக் குறையாத. சேரும்.
'லெஸ் தன் ஃபைவ்', 'ஃபியூவர் தன் ஃபைவ்': ஐந்துக்குக் குறைவு. சேராது. நான்கு வரைதான்.
'நொட் மோர் தன் ஃபைவ்', 'நோ மோர் தன் ஃபைவ்': ஐந்துக்கு மேற்படாத. சேரும். ஆறு சேராது.
'அப் டு ஃபைவ்': ஐந்து வரை. சேரும்.

'நொட்' அல்லது 'நோ' என்ற சிறிய சொல் முன்னால் வந்துவிட்டால் பொருள் திரும்பிவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? 'மோர்' என்ற சொல் காதில் விழுந்ததும் 'கூடத் தருகிறார்கள்' என்று எண்ண வேண்டாம். 'நொட் மோர் தன்' என்பது கூடாது என்று வைக்கும் கட்டுப்பாடு.

தமிழ்ப் படிவத்திலும் இதே கவனம் தேவை. 'ஐந்து பேருக்கு மேற்பட்ட குடும்பம்' என்றால் ஐந்து சேராது. 'ஐந்து பேரும் அதற்கு மேலும்' என்றால் சேரும்.

நிவாரண வேலையில் உலகெங்கும் பயன்படும் ஸ்பியர் கையேட்டின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சில அளவுகளை இந்தச் சொற்களோடு பழகிப் பாருங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர்: 'அட் லீஸ்ட் ஃபிஃப்டீன் லீற்றர்ஸ்'. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குறைந்தது 75 லீற்றர்.
பொது மலசலகூடம் ஒன்றுக்கு 20 பேருக்கு மேற்படக் கூடாது: 'நோ மோர் தன் ட்வென்ட்டி பீப்பிள்'.
வீட்டிலிருந்து தண்ணீர் எடுக்கும் இடம் 500 மீற்றருக்குக் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும்: 'லெஸ் தன் ஃபைவ் ஹண்ட்ரட் மீற்றர்ஸ்'.
தங்குமிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம். ஐந்து பேருக்கு 17.5 சதுர மீற்றர். அதாவது ஏறக்குறைய 188 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட பழைய லயன் காம்பரா ஒன்று 120 சதுர அடி. ஆகவே ஐந்து பேருக்குத் தேவையான இடம் அந்தக் காம்பராவைவிட 68 சதுர அடி கூட: 'சிக்ஸ்டி எய்ட் ஸ்குவேர் ஃபீட் மோர் தன்' என்று தொடங்கி, காம்பராவைப் பின்னால் சொல்ல வேண்டும்.

5. மடங்கு சொல்லும் தொடர்

'போன மாதத்தைப்போல் மூன்று மடங்கு மூடை' என்பதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள்:

'த்ரீ டைம்ஸ் அஸ் மெனி பேக்ஸ் அஸ் லாஸ்ட் மந்த்'

ஒழுங்கைப் பாருங்கள். எண், 'டைம்ஸ்', 'அஸ் மெனி', பொருள், மீண்டும் 'அஸ்', கடைசியில் ஒப்பிடப்படுவது. தமிழில் முதலில் வரும் 'போன மாதம்' இங்கே வாலில் நிற்கிறது. ஆகவே இப்படிப்பட்ட தொடரை வாலிலிருந்து பிடியுங்கள். இரண்டாவது 'அஸ்' எங்கே என்று தேடுங்கள். அதற்குப் பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவந்து, 'போல்' சேர்த்து, பிறகு எத்தனை மடங்கு என்று சொல்லுங்கள்.

இரு மடங்குக்கு 'ட்வைஸ் அஸ் மெனி'. பாதிக்கு 'ஹாஃப் அஸ் மெனி'. 'ஹாஃப் அஸ் மெனி பேக்ஸ் அஸ் லாஸ்ட் மந்த்' என்றால் போன மாதத்தில் பாதி மூடை. 'குறைவு' என்ற சொல் எங்கும் இல்லாமலே அளவு குறைந்துவிடுகிறது. கவனம்.

எண்ணக்கூடிய மூடை, ஆட்கள், தகரம் என்பவற்றுக்கு 'மெனி' வரும். எண்ண முடியாத அரிசி, தண்ணீர், பணம் என்பவற்றுக்கு 'மச்' வரும்: 'ட்வைஸ் அஸ் மச் வோட்டர்'. இதை மாற்றிச் சொன்னாலும் கேட்பவருக்கு விளங்கும். ஒழுங்கை மாற்றினால்தான் விளங்காது.

'அஸ்' என்பதற்கும் முன்னே சொன்ன கேள்வி பொருந்தும். 'அஸ் மெனி ஃபெமிலீஸ் அஸ் இன் உக்குவளை' என்றால், உக்குவளையில் உள்ள அளவு குடும்பங்கள். இரண்டாவது 'அஸ்' என்பதற்குப் பின் இடப்பெயர் நிற்கிறது. 'அஸ் மெனி அஸ் ஃபிஃப்டி ஃபெமிலீஸ்' என்றால், ஐம்பது குடும்பங்கள் வரை. பின்னால் எண் நிற்கிறது. எந்த இடத்தோடும் ஒப்பீடு இல்லை.

'த்ரீ டைம்ஸ் மோர்' என்றும் சிலர் எழுதுவதுண்டு. பலர் இதை மூன்று மடங்கு என்று எடுப்பார்கள். சிலர் 'மூன்று மடங்கு மேலதிகமாக' என்று கணக்கிட்டு நான்கு மடங்காக எடுப்பார்கள். போன மாதம் 10 கிலோ என்றால் ஒருவருக்கு 30, மற்றவருக்கு 40. இந்தத் தொடரை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். படிவத்தில் கண்டால், எத்தனை கிலோ என்று எண்ணாகவே எழுதித் தரும்படி கேளுங்கள்.

6. மழைச் செய்தியில் இந்த வித்தியாசம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொதுவான அளவுகளில், 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற வேண்டும்.

இப்போது இரண்டு செய்திகளைப் பாருங்கள்.

'மோர் தன் செவன்ட்டி ஃபைவ் மில்லிமீற்றர்ஸ்': மழை 75ஐத் தாண்டும். முதல் எல்லை.
'செவன்ட்டி ஃபைவ் மில்லிமீற்றர்ஸ் மோர்': இன்னும் 75 பெய்யும். காலையிலிருந்து ஏற்கெனவே 80 பெய்திருந்தால், அன்றைய மொத்தம் 155. அது வெளியேற வேண்டிய எல்லை.

இரண்டாவது செய்தியை முதலாவது செய்தியாக வாசித்தால், வெளியேற வேண்டிய குடும்பம் விழிப்போடு வீட்டிலேயே இருந்துவிடும்.

நேரான சுவரும் ஒரே அகலமும் உள்ள வெற்று டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்தால், அதில் நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் 75 மில்லிமீற்றர். ஆனால் டின் நிறையும் வரை காத்திருக்க வேண்டாம். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், திடீரெனச் சேற்று ஊற்று என்பவற்றைக் கண்டால், அல்லது கிராம உத்தியோகத்தர் வெளியேறச் சொன்னால், எந்தக் கணக்கும் பார்க்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

7. பயிற்சி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள்.

(1) பட்டியலில் 'மோர் தன் ஃபோர் மெம்பர்ஸ்' என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் நான்கு பேர். நீங்கள் அதில் சேர்வீர்களா?
(2) அதே பட்டியலில் 'ஃபோர் ஓர் மோர் மெம்பர்ஸ்' என்று இருந்தால்?
(3) போன முறை 10 கிலோ அரிசி கிடைத்தது. இம்முறை 'டூ மோர் கிலோஸ் தன் லாஸ்ட் டைம்'. எத்தனை கிலோ?
(4) போன முறை 10 கிலோ. இம்முறை 'ட்வைஸ் அஸ் மச் ரைஸ் அஸ் லாஸ்ட் டைம்'. எத்தனை கிலோ?
(5) காலையிலிருந்து 60 மில்லிமீற்றர் மழை. அதே நாளில் 'ஃபிஃப்டி மில்லிமீற்றர்ஸ் மோர்' என்று செய்தி. எந்த எல்லையைத் தாண்டும்?
(6) 'இன்னும் மூன்று மூடை சீமெந்து வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

விடைகள்: (1) இல்லை. ஐந்து பேர் வேண்டும். (2) ஆம். (3) 12 கிலோ. (4) 20 கிலோ. (5) மொத்தம் 110. வெளியேறத் தயாராகும் எல்லையான 100ஐத் தாண்டும். (6) 'வீ நீட் த்ரீ மோர் பேக்ஸ் ஒஃப் சீமெந்து'.

8. கையொப்பம் இடுவதற்கு முன்

எண் உள்ள ஒவ்வொரு வரியிலும் மூன்றைக் கேளுங்கள். இந்த எண் மொத்தமா, வித்தியாசமா, எல்லையா? வித்தியாசம் என்றால் எதைவிட? எல்லை என்றால் அந்த எண்ணும் உள்ளே சேருமா?

பதில் தெரியாவிட்டால், கொடுப்பவரிடம் மொத்த அளவை எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிலோ, மூடை, பேர்ச்சஸ், ரூபா எதுவானாலும் சரி. இலங்கையின் அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. யட்டவத்த பிரதேச செயலகத்துக்கு நீங்கள் தமிழில் கடிதம் எழுதலாம். தமிழில் பதில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 'இதைத் தமிழில் விளக்குங்கள்' என்று கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பெற்றுக்கொண்ட பொருளை எண்ணிப் பாருங்கள். படிவத்தில் உள்ள எண்ணும் கையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பேனாவை எடுங்கள். படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கி, அடையாள அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.